லஃப்ரோய்க் 10: வைரவர் மடை முடிந்து திறந்த போத்தல்

மச்சான் லண்டனிலிருந்து நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினான். பெட்டிக்குள் சொக்லேட், மூட்டு நோவுக்குப் பூசுகிற தைலம், பெரியப்பாவுக்கு ஒரு சோடிச் சப்பாத்து, எல்லாவற்றுக்கும் அடியில் துவாயில் சுற்றிய ஒரு பச்சைப் போத்தல். கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மற்றதும் இல்லை. ஆகவே அந்த லஃப்ரோய்க் 10 என்ற ஸ்கொட்லாந்து விஸ்கி இருபத்தைந்து நாளுக்கு மேல் அலுமாரிக்குள், அம்மாவின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில், வாய் திறக்காமல் நின்றது. தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்து வைரவர் மடைக்கு அடுத்த நாள் பின்னேரம்தான் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தோம்.

மூடியைத் திறந்து ஊற்றி அரை நிமிடம் ஆகியிருக்காது. பெரியப்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி, "ஆரும் விழுந்து கிழுந்து போட்டினமே? டெற்றோல் மணக்குது" என்றார். மச்சான் சிரித்துக்கொண்டே கிளாஸை அவர் பக்கம் தள்ளினான். அவர் மணந்து பார்த்தார், வைத்தார், திரும்ப எடுத்து மணந்தார். "காசைக் குடுத்து ஆஸ்பத்திரியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பெரியப்பா கதைக்காமல் இருப்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

இந்த விஸ்கியைப் பற்றி எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான்: ஒன்றில் பைத்தியமாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் கிட்டவும் வரமாட்டாய். கம்பனியே அதை விளம்பரமாக்கி, குடித்தவர்கள் திட்டுவதையும் சேர்த்துப் போட்டு விற்றிருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மூக்குக்கு இதில் புதிதாக ஒன்றுமே இல்லை என்பதுதான் என் எண்ணம். இதில் இருக்கிற ஒவ்வொரு மணத்தையும் நாங்கள் எங்கோ ஒரு இடத்தில் மணந்திருக்கிறோம், ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு கிளாஸுக்குள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வருவது ஆஸ்பத்திரிதான், அதை மறைக்க ஏலாது. லைசோல் போட்டுத் துடைத்த வாட்டு, காயத்தில் பூசுகிற அயடீன், புதிதாய்ப் பிரித்த பண்டேஜ் துணி. கிளாஸைத் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டால் அது பின்னுக்குப் போய்ப் புகை முன்னுக்கு வருகிறது. சுவாலை விட்டு எரிகிற விறகின் புகை இல்லை இது, மழையில் நனைந்த பொச்சுமட்டை எரியாமலும் அணையாமலும் அடங்கிக் கிடந்து விடுகிற புகை. என் அப்பப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. வெட்டின புகையிலையைக் குடிலுக்குள் தூக்கிக் கட்டி, கீழே பொச்சுமட்டை போட்டுப் புகையடிப்பார்கள். அந்தக் குடில் வாசலில் நின்றவர்களுக்கு லஃப்ரோய்க்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகை ஊதிப் பழுக்க வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். புகைக்குப் பின்னால், பண்ணைப் பாலத்தடியில் கடல் வற்றிக் கிடக்கிற நேரம் வருகிற அந்தச் சாதாளை மணம். கொஞ்சம் கருவாடும் என்று நான் சொன்னேன், மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

வாயில் வைத்தால் கதை மாறுகிறது. மணத்தை வைத்து ஏதோ கசக்கிற மருந்து என்று தயாராக இருந்த நாக்குக்கு முதலில் கிடைப்பது இனிப்பு. பனங்கட்டியின் அடிப்பாகம் மாதிரிக் கறுத்த இனிப்பு, அதில் கொஞ்சம் வனிலா. அதன்மேல் உப்பு வந்து ஏறும், பிறகு மிளகுக் காரம், கடைசியில் தொண்டையில் நிற்பது சாம்பல். விடிய எழும்பி அடுப்பு மூட்டப் போனால் நேற்றைய சாம்பல் மணக்குமே, அது. கால் மணித்தியாலம் கழித்து வெற்றிலை போட்டாலும் அது போகாது.

சரி, ஏன் இப்படி மணக்கிறது? ஒரு வடிசாலையில், முளைவிட்ட பார்லியை மட்டும் வைத்து, செப்புக் கலனில் வடித்து, ஸ்கொட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்ததைத்தான் சிங்கிள் மால்ட் ஸ்கொச் என்று சொல்லலாம். பார்லியை ஊற வைத்து, நிலத்தில் பரப்பி, கிளறிக் கிளறி முளைக்க விடுகிறார்கள். உள்ளே இருக்கிற மாப்பொருள் சீனியாக மாற ஆயத்தமான கட்டத்தில் சூடு காட்டி முளையை நிறுத்த வேண்டும். பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, கிழங்கு பிடித்ததும் ஓலை விடமுதல் கிண்டி எடுத்துவிடுகிற கணக்குத்தான். அந்தச் சூட்டுக்கு எதை எரிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லஃப்ரோய்க் வடிக்கிற ஐலா என்கிற ஸ்கொட்லாந்துத் தீவில் மரம் குறைவு, சதுப்பு நிலம் கூட. பாசியும் சின்னப் பற்றைகளும் ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்குள் ஊறி அமுங்கி, மண்ணாகவும் இல்லாமல் கரியாகவும் இல்லாமல் கிடக்கிறது. அதைத்தான் பீட் என்கிறார்கள். கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். நீர்கொழும்புக்குத் தெற்கே முத்துராஜவெலச் சதுப்புக்கு அடியிலும் இதே சாமான் இருக்கிறது. அந்தச் சதுப்புக்குள் கசிப்புக் காய்ச்சிப் பிடிபட்டவர்கள் உண்டு, பீட் புகையில் பார்லி காயவைத்தவர் ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை.

பீட் புகையில் பீனோல் வகையறாக்கள் நிறைய. லஃப்ரோய்க்குக்குப் போகிற பார்லியில் பத்து லட்சத்துக்கு 40 பங்குக்குக் குறையாமல் அது ஏறியிருக்கும். 1860களில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் காயத்தில் சீழ் பிடிக்காமல் இருக்கப் பூசின காபோலிக் அமிலம் வேறொன்றும் இல்லை, இந்தப் பீனோல்தான். பழைய லைசோலில் இருந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரம், கிரெசோல். அதுவும் பீட் புகையில் இருக்கிறது. ஆகப் பெரியப்பாவின் மூக்கு பிழை சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு: வடிக்கிற நேரம் முதலில் வருவதை இங்கே முக்கால் மணித்தியாலம் ஒதுக்கி விடுகிறார்கள், மற்ற இடங்களில் இவ்வளவு நேரம் விடுவதில்லை. பழம் மாதிரி மணக்கிற பகுதி அதோடு போய்விடும், புகை மணம் பின்பாதியில்தான் வரும் என்பதால் அது போத்தலுக்கு வந்து சேர்கிறது.

வனிலாவும் பனங்கட்டியும் பீப்பாயிலிருந்து வருகின்றன. அமெரிக்காவில் பேர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் உட்புறம் கருக்கின புதுப் பீப்பாய்தான் பாவிக்க வேண்டும் என்று சட்டம், அதனால் ஒரு தரம் பாவித்தது மிச்சமாகிக் கப்பலேறி ஸ்கொட்லாந்து போகிறது. பழைய கள்ளு முட்டிக்கு ஒரு மணம் ஏறியிருக்குமே, புது முட்டியில் கட்டின கள்ளு அதைப் போல வராதே, அந்த மாதிரி. 10 வருடம் என்றால் போத்தலுக்குள் இருப்பதில் ஆக இளையது 10 வருடம் பீப்பாயில் கிடந்தது என்று அர்த்தம். அதற்குள் வருடத்துக்கு நூற்றுக்கு 2 பங்கு ஆவியாகப் போய்விடும்.

இனி வடிசாலைக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் எனக்கு இது யாழ்ப்பாணத்துக் கதையோ என்று சந்தேகம் வந்தது.

ஐலாவின் தெற்குக் கரையில், போர்ட் எலன் என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் பக்கத்தில், லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று வடிசாலைகள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன. வெள்ளைச் சுவரில் கடலைப் பார்த்தபடி ஆளுயரக் கறுப்பு எழுத்தில் பெயர். பேர் வாயில் நுழையாதவர்களுக்கு: கடைசிப் பகுதியை 'ரோய்க்' என்று சொன்னால் போதும், எழுத்தைப் பார்த்தால் குழம்பித்தான் போவீர்கள். பரந்த குடாவுக்குப் பக்கத்தில் உள்ள அழகான பள்ளம் என்று கேலிக் மொழியில் பொருள் சொல்கிறார்கள். 1815ல் டொனால்ட், அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கினது. டொனால்ட் 1847ல் வடிசாலையின் கொதிக்கிற கழிவுத் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனார்.

பிறகு வந்தது தண்ணீர் வழக்கு. பக்கத்து லகவூலினின் முதலாளி பீற்றர் மக்கி, வைட் ஹோர்ஸ் விஸ்கிக்காரர், லஃப்ரோய்க்கை வாங்கி விற்கிற முகவராகவும் கனகாலம் இருந்தார். 1907ல் அந்த முகவர் பதவி அவருடைய கையை விட்டுப் போனது. மனுசன் என்ன செய்தார்? லஃப்ரோய்க்குக்கு வருகிற தண்ணீரைக் கல்லுப் போட்டு மறித்தார். வழக்கு நடந்து, நீதிமன்றம் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னது. வேலியடைக்கிறபோது கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்குப் பரம்பரை பரம்பரையாக வழக்குப் பேசுகிற ஊரில், பங்குக் கிணற்றில் யார் எப்போது இறைப்பது என்பதற்குக் கத்தி தூக்கின ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மக்கி அதோடும் விடவில்லை. 1908ல் தன் வளவுக்குள்ளேயே மால்ட் மில் என்று இன்னொரு வடிசாலையைக் கட்டினார். கலன்களை லஃப்ரோய்க்கில் உள்ளது மாதிரியே அடிப்பித்தார், அங்கே வேலை செய்த ஆளையும் இழுத்துக்கொண்டார், தண்ணீரும் பீட்டும் அதே ஊருடையது. எல்லாம் செய்தும் லஃப்ரோய்க்கின் ருசி வரவில்லை. 1962ல் அதைப் பூட்டிவிட்டார்கள். இதைக் கேட்டதும் பெரியப்பா, "அவன்ரை கிணத்துத் தண்ணி உவனுக்கு வாய்க்குமே" என்றார். தண்ணீர் ஒன்றுதான் என்று சொன்னேன். "அப்ப கை" என்றார்.

அந்தத் தகராறு நடந்த காலத்தில் வந்து சேர்ந்த இயன் ஹன்ரர்தான் வடிசாலையைத் தொடங்கின ஜோன்ஸ்ரன் குடும்பத்தில் கடைசி ஆள். 1920இலிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அந்தக் காலத்தில் இதை அங்கே மருந்து என்று சொல்லி இறக்கியிருக்கிறார்கள். மணந்து பார்த்த அதிகாரி எப்படி மறுப்பான்? எங்கள் அப்பாச்சியும் அலுமாரியில் ஒரு கால் போத்தல் பிராந்தி 'மருந்துக்கு' என்று வைத்திருந்தவதான், அது ஒரு நாளும் நிறைய இருந்து நான் பார்க்கவில்லை.

1934ல் கோடை விடுமுறைக்கு மூன்று மாதம் தட்டெழுத்து வேலைக்கென்று கிளாஸ்கோவிலிருந்து பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பெண் வந்தார். மூன்று மாதம் முடிந்தது, அவர் திரும்பிப் போகவில்லை. 1938ல் ஹன்ரருக்குப் பாரிசவாதம் வந்ததும் அமெரிக்க வியாபாரத்தைப் பெஸ்ஸியே பார்த்தார். 1954ல் பிள்ளை குட்டி இல்லாத ஹன்ரர் கண்ணை மூடியபோது வடிசாலையைப் பெஸ்ஸியின் பேருக்கே எழுதி வைத்திருந்தார். ஸ்கொட்லாந்தில் விஸ்கி வடிசாலை நடத்தின பெண்கள் அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 1972 வரை அவர் இருந்தார், இடையில் பங்குகளைப் பெரிய கம்பனிக்கு விற்றார். ஒரு தட்டெழுத்துக்காரி கையில் முழு வடிசாலையும் போனது என்றால் ஊர் என்னென்ன கதைத்திருக்கும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போத்தலின் ருசி கெட்டதாக மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. இன்றைக்குக் கம்பனி ஜப்பான்காரர் கையில், சன்ரோரி. பார்லி முளைக்கவிடுகிற பழைய தளங்களை மட்டும் இன்னும் விடவில்லை. தேவையில் ஒரு சின்னப் பங்கைத் தாங்களே முளைக்கவைத்துப் புகையடிக்கிறார்கள், மிச்சம் வெளியே உள்ள பெரிய ஆலையிலிருந்து வருகிறது.

காணி விஷயத்தைச் சொல்லாமல் விட ஏலாது. 1994இலிருந்து, போத்தல் வாங்கினவர் பதிந்துகொண்டால் வடிசாலைக்குப் பக்கத்தில் ஒரு சதுர அடி நிலம் ஆயுள் குத்தகையாக அவர் பேருக்கு. வாடகையைக் கம்பனிதான் உங்களுக்குத் தரும்: வருடத்துக்கு ஒரு சின்னக் கிளாஸ் லஃப்ரோய்க், நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். போனால் சேற்றுக்குப் போடச் சப்பாத்தும் நடுவதற்கு ஒரு கொடியும் கொடுத்து அனுப்புவார்கள். மச்சானிடம் அதற்கான தாள் இருக்கிறது, மடித்துப் பேர்சுக்குள் வைத்திருக்கிறான். நான் கணக்குப் பார்த்தேன், ஒரு பரப்பு என்றால் 2722 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஊரில் அவனுக்கு இரண்டரைப் பரப்பு இருக்கிறது. உறுதியில் ஏழு பேருடைய பேர், அதில் மூன்று பேர் எந்த நாட்டில் என்று தெரியாது, எல்லைக்கல்லையும் காணவில்லை. ஐலாவில் உள்ள ஒரு அடிக்கு மட்டும் வில்லங்கம் இல்லாத தாள்!

குடிக்கிற விதத்துக்கு வருவோம். நகரத்துக்குள் ஒரு ஹோட்டல் பாரில் போன வருடம் இதே சாமானைக் கேட்டு வாங்கினேன். கிளாஸ் முட்ட ஐஸ்கட்டி போட்டு, நான் வாயைத் திறக்க முதலே கோலாவையும் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான் தம்பி. காசு கொடுத்த கையை நானே அடித்துக்கொண்டேன். குளிரில் மணம் அடங்கிவிடும், மணம் அடங்கினால் இதில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. வெறுமனே ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு சாதாரணத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி விடுங்கள். எங்கள் வெக்கைக்கு அதுவே போதும், மணம் தானாக எழும்பி வரும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கல்லுத் தண்ணீரின் சவர் இதன் உப்போடு சேர்ந்து ஒரு மாதிரிப் போய்விடுகிறது, பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கூடச் சாப்பிட: மச்சான் கொண்டுவந்த உப்புக் கடலை சரிவரவில்லை. பருத்தித்துறை வடை நன்றாகச் சரிவந்தது, அதன் பெருஞ்சீரகமும் உறைப்பும் புகைக்கு ஈடு கொடுத்தன. கணவாய்ப் பொரியல் அதைவிட மேல். நண்டுக் கறியோடு குடித்தால் நண்டும் தெரியாது, விஸ்கியும் தெரியாது. ஒடியல் கூழ்தான் என் மனதில் இருக்கிறது. ஒடியல் மாவுக்கென்று ஒரு இலேசான கசப்பு உண்டு, அதோடு மீன், இறால், புளி எல்லாம் சேர்ந்து கடல் மணமாக வரும்போது பக்கத்தில் இந்தக் கிளாஸ் இருந்தால் எப்படி என்று இன்னும் பார்க்கவில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இங்கிலாந்தில் விற்பது 40 வீத மதுசாரம். அமெரிக்காவுக்குப் போகிறதை 43இல் அடைக்கிறார்கள். அந்த மூன்று எங்களுக்கு ஏன் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. மணம் அடிக்கிற அடிக்கு வாயில் உடம்பு கொஞ்சம் மெலிவு, தண்ணீர் ஒரு கரண்டி கூடினால் நடு ஆட்டம் காணுகிறது. நிறத்துக்குக் கராமல் சேர்க்கிறார்கள், இவ்வளவு பேர் பெற்ற சாமானுக்கு அந்த மை பூச்சு என்னத்துக்கு? வாங்க வசதி உள்ளவர்கள் குவாட்டர் காஸ்க் என்று வருவதைப் பாருங்கள், சின்னப் பீப்பாயில் கடைசிக் காலத்தை வைத்து 48 வீதத்தில் அடைத்தது. வயது எழுதியிருக்காது, ஆனாலும் இனிப்பும் தடிப்பும் கூட. லகவூலின் 16 இதைவிட நாகரிகமான ஆள், விலையும் அப்படி. ஆர்ட்பெக் 10ல் புகை இதற்குக் குறையாது, ஆஸ்பத்திரி குறைவு. எனக்கு ஆஸ்பத்திரிதான் வேண்டியிருக்கிறது.

விலையைப் பற்றி. இறக்குமதி வரியோடு கொழும்பில் இதை வாங்குவது மடைத்தனம் என்றுதான் சொல்வேன், அந்தக் காசுக்குப் பெரியப்பாவின் பனஞ்சாராயம் எத்தனை போத்தல் என்று எண்ணினால் தலை சுற்றும். யாழ்ப்பாணக் கடைகளில் நான் இதுவரை காணவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆள் இருந்தால், சொக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள், அவ்வளவுதான். பழக்கமில்லாதவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம், கோலா காத்துக்கொண்டிருக்கும்.

பெரியப்பா அன்றைக்கு மூன்று தரம் ஊற்றுவித்தார். ஒவ்வொரு தரமும் "கூடாத சாமான்" என்றார். போகிறபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்பப்பாவின் குடில் எந்த வருடம் பிரித்தது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போத்தலில் இன்னும் நாலு விரல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அம்மா கூழ் காய்ச்சுகிறா.